கஹாங் காட்டின் மலைராஜா

அப்பா கெலிண்டானாக, அதாவது டிரைவரின் உதவியாளாக, வேலை பார்த்த லோரிக்குக் கதவும் கிடையாது, முன்கண்ணாடியும் கிடையாது. வண்டி சரிந்தால் சட்டென்று குதிக்க வேண்டுமே, அதற்காகக் கழற்றி எறிந்திருந்தார்கள். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் கஹாங் வரும். அங்கே காட்டுக்குள் ஏறி, பாலாக் என்னும் வெட்டிய பெருமரங்களைச் சுமந்து இறங்கிய லோரி அது. முதலாளி தவுக்கே முதல் தோட்டத்துப் பிள்ளைகளான நாங்கள் வரை எல்லோரும் அதைச் ‘சான் தாய் ஓங்’ என்போம், சீனத்தில் மலைக்கு ராஜா. மலாய்க்காரர்கள் ‘லோரி ஹந்து’ என்றார்கள். ஸ்டேடியத்தில் கார்களை நசுக்கும் மான்ஸ்டர் டிரக்குகளை இன்று நம் பிள்ளைகள் பெயர் பெயராகச் சொல்கிறார்கள். அவற்றுக்குக் கால் நூற்றாண்டு மூத்த ராட்சத வண்டிகள் நம் காட்டிலேயே ஓடின என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

ஜொகூரின் மரத் தொழில் பழையது. ஜேம்ஸ் மெல்ட்ரம் 1860-களிலேயே ஜொகூர் பாருவில் நீராவி மர ஆலை நடத்தினார். ஆனால் மரத்தைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது பெரும்பாலும் மனிதத் தோள்தான். கட்டைகளைக் குறுக்கே வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் சறுக்குச் சட்டத்தில் மரத்தைக் கட்டி ஆட்களே இழுப்பார்கள். ‘குடா-குடா’ என்று அதற்குப் பெயர். அபு பக்கார் மன்னர் காலத்தில், 1869-இல், குனோங் பூலாய் நோக்கி மரத் தண்டவாளத்தில் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். கறையான் தின்றது, பாதை கைவிடப்பட்டது. இந்த ஈர மண்ணுக்குப் பாதையையே எதிர்பார்க்காத ஒரு வண்டி தேவைப்பட்டது.

அதைக் கொடுத்தது இரண்டாம் உலகப் போர். கனடா மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ லோரிகளைச் செய்து அனுப்பியது. பிரிட்டனின் ஆஸ்டின்கள் வேறு. போர் முடிந்து மலாயாவில் மிஞ்சிய வண்டிகள் சீனர்களின் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தன. சட்டத்துக்கு இரும்பு வைத்துக் கனம் கூட்டினார்கள். எஞ்சின் தேய்ந்தால் கையில் கிடைத்த டீசல் எஞ்சினைப் பொருத்தினார்கள். வண்டியின் உயிர் வின்ச்தான். எஞ்சின் விசையிலேயே சுழலும் உருளையில் எஃகுக் கேபிள் சுற்றியிருக்கும். மரத்தை இழுப்பதும் அதுதான், மேலே ஏற்றுவதும் அதுதான். சேற்றில் புதைந்தால் எதிரே நிற்கும் மரத்தில் கேபிளைக் கட்டி, வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியேறும். கேபிளைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஓடுவது, மரத்துக்குச் சங்கிலி போடுவது, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது எல்லாம் கெலிண்டான் வேலை. கேபிள் அறுந்தால் நிற்கிற ஆளைச் சீவிவிடும். அப்பாவின் இடது தோளில் அந்தத் தழும்பு இருந்தது.

தோட்டத்துத் தமிழன் ஏன் அங்கே போனான்? 1968-இல் வந்த சட்டப்படி குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அப்பாவிடம் இருந்தது குடியுரிமை இல்லாதோரின் சிவப்பு அடையாள அட்டை. பிறந்ததிலிருந்து பால்மரம் தவிர வேறு எதையும் அறியாதவர் தோட்டத்தை விட்டு வெளியே நின்றார். காட்டில் யாரும் அட்டை கேட்கவில்லை. அது அரசின் ஃபெல்டா நிலத் திட்டங்கள் பெருகிய காலம். 1972-இல் கெஜோரா என்னும் தென்கிழக்கு ஜொகூர் வளர்ச்சி வாரியம் வந்தது. அங்கே காடு அழிந்து செம்பனை எழுந்தது. வெட்டிய மரமெல்லாம் மத்தாவ் என்னும் மரக் களம் வரை இறங்க வேண்டும். அப்பாவுக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. அந்தக் காட்டின் அழிவில்தான் நாங்கள் சோறு தின்றோம் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பாப் சாண்ட்லர் என்பவர் தன் 1974 ஃபோர்டு பிக்கப்பை உயர்த்திக்கொண்டிருந்தார். தன் உதிரிபாகக் கடைக்கு அதுவே விளம்பரம். பெரிய டயரைத் தாங்க அவர் தேடிப் போனதும் ராணுவ லோரியின் அச்சைத்தான்! ‘பிக்ஃபுட்’ என்ற அந்த வண்டி 1981-இல் ஒரு வயலில் இரண்டு பழைய கார்கள்மேல் ஏறியது; அதிலிருந்து ஒரு விளையாட்டே பிறந்தது. இன்றைய வண்டிக்கு 168 சென்டிமீட்டர் உயர டயர், சுமார் 5,400 கிலோ எடை, 1,500 குதிரைசக்தி. மான்ஸ்டர் ஜாம் 2017 ஆகஸ்டில் ஜொகூர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கம் வரை வந்தது. மகனோடு போய்ப் பார்த்தேன். அந்த ஓட்டுநர்களின் திறமைக்கு மனமார எழுந்து நின்று கை தட்டினேன்.

ஆனால் சான் தாய் ஓங்கின் வித்தை தொடர்வது வேறோர் ஆட்டத்தில். 1997-இல் லூயிஸ் வீ தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் காட்டு வண்டிப் போட்டியை மலேசியாவில் பருவமழை கொட்டும் மாதங்களில்தான் நடத்துகிறார்கள். வேகத்தைவிட வின்ச்சை எங்கே கட்டுவது, எந்தக் கோணத்தில் இழுப்பது என்பதே அங்கே வெற்றியைத் தீர்மானிக்கிறது. டிரைவரின் பக்கத்தில் இருப்பவர் கேபிளைத் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடுகிறார். கெலிண்டானுக்கு இப்போது ‘கோ-டிரைவர்’ என்று மரியாதை. மரத்தின் பட்டை உரியாதபடி அகலமான பட்டி சுற்றிக் கொக்கி மாட்டுகிறார்கள். அப்பா காலத்தில் வெறும் கேபிள் மரத்தை அறுத்துவிடும்.

இன்று கஹாங்கிலிருந்து எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குச் சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் நான்கு சக்கர விசை வண்டியில் போகிறார்கள். அந்த வழித் தொடக்கத்தில் சான் தாய் ஓங் ஒன்றை, வின்ச்சும் கேபிளும் உள்ளபடியே, கூரை போட்டு நிறுத்த வேண்டும். பட்டறைக்காரர், டிரைவர், கெலிண்டான் பெயர்களைப் பக்கத்தில் எழுத வேண்டும். வின்ச் பிடித்தவர்கள் குளுவாங்கிலும் கோத்தா திங்கியிலும் இன்னும் இருக்கிறார்கள், எழுபதைத் தாண்டியவர்கள். முதலில் அவர்களிடம் போய்ப் பதிவு செய்வோம்.