வைத்தியர் எழுதிய கீதங்கள்

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் என்றதும் இசை அறிந்தவர்களுக்கு ‘கருணாமிர்த சாகரம்’ நினைவுக்கு வரும். 1917-இல் வெளியான, ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய இசை ஆராய்ச்சி நூல் அது. அந்தப் புகழில் அவர் எழுதிய பாட்டுகள் மறைந்துபோயின.

கிறிஸ்தவக் கீர்த்தனை தஞ்சைக்குப் புதிதல்ல. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்திலேயே வேதநாயக சாஸ்திரியார் அதற்குப் பாதை போட்டுவிட்டார். ஆலயங்களில் ஜெர்மானிய, ஆங்கில மெட்டுகளில் ஞானப்பாட்டு ஒருபக்கம். ராக தாளத்தோடு கீர்த்தனை மறுபக்கம். பண்டிதர் இந்த இரண்டாவது வழியில் வந்தவர்.

1859-இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியர் வேலை பார்த்தபோது சடையாண்டி பட்டரிடம் பிடில் கற்றார். சித்த மருத்துவத்தில் அவருக்கு குரு சுருளிமலை கருணானந்தர். தஞ்சையில் குடியேறி, அந்தக் குருவின் பெயரிலேயே விற்ற சஞ்சீவி மருந்துகள் செல்வத்தைக் குவித்தன. அதில் பெரும்பகுதி இசைக்கே போனது.

அன்று சங்கீதம் படிக்க வந்த பிள்ளைகள் சரளி, ஜண்டை, அலங்காரம் என்ற தொடக்கப் பயிற்சிகளை முடித்துக் கீதத்துக்கு வருவார்கள். கீதத்தில் சங்கதிகள் கிடையாது. ஸ்வரத்தின் மேல் எழுத்து நேராக உட்காரும். ராகத்தின் நடை அப்படித்தான் மனதில் பதியும். ஆனால் சாகித்தியம் பெரும்பாலும் தெலுங்கிலோ வடமொழியிலோ இருந்தது. பொருள் தெரியாமலே பிள்ளைகள் உருப்போட்டார்கள். பண்டிதருக்கு இது பொறுக்கவில்லை. தமிழிலேயே 90-க்கும் மேற்பட்ட உருப்படிகளை எழுதி, ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்று தொகுத்தார். பக்தியும் பாடமும் ஒன்றாகக் கலந்த பாட்டுகள் அவை. ஒரு வைத்தியர் தனியாளாகச் செய்த இந்த வேலைக்கு ஈடாக அந்தக் காலத்தில் வேறொன்றைச் சொல்வது கடினம்.

பாட்டு கட்டியவருக்கு ஸ்வரங்களின் கணக்கிலும் சந்தேகம் எழுந்தது. ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள், அதாவது நுண்ணிய ஸ்வர நிலைகள், என்று நூல்கள் சொல்ல, சிலப்பதிகாரத்தின் ஆயப்பாலை, வட்டப்பாலை முறைகளை வைத்து 24 என்று அவர் வாதிட்டார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, தன் செலவிலேயே தஞ்சையில் மாநாடுகள் கூட்டினார். வித்துவான்கள் வந்தார்கள், சண்டையும் போட்டார்கள். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் அவருடைய பெண்கள் வீணை வாசித்து அந்தக் கணக்கை விளக்கினார்கள். பெண்கள் மேடையேறுவதே அரிதாக இருந்த காலத்தில் சபையோர் முன் தன் மகள்களை அவர் உட்கார வைத்தார் என்பதைத் தனியாகவே போற்ற வேண்டும்.

சுருதிக் கணக்கை இன்றும் மறுப்பவர்கள் உண்டு. பாட்டுகள் அந்தக் கணக்கை நம்பி நிற்கவில்லை. தமிழில் இசை படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு அவை இன்றும் பயன்படும். கற்றுக்கொடுக்க ஆசிரியர்கள்தான் வேண்டும்.

பண்டிதர் 1919-இல் காலமானார். ‘கருணாமிர்த சாகர’த்தின் இரண்டாம் பாகத்தை மகள் மரகதவல்லி வெளியிட்டார். மகன் வரகுணபாண்டியன் யாழைத் தேடிப் போய் ‘பாணர் கைவழி’ எழுதினார்.