போர்க்காலச் சரக்குக் கப்பலொன்றின் வாழ்வும் முடிவும்: மட்டக்களப்புக் கடலில் ‘அதெல்ஸ்ரேன்’

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரைக்கு அப்பால், 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி மூழ்கிய கப்பல்களைப் பற்றிப் பேசுவோர் ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலையே முதலிற் குறிப்பிடுவர். அதில் 307 பேர் மாண்டனர். ஆதலின் அந்நினைவு நியாயமானதே. ஆயின் அன்று அதே கடலில் அமிழ்ந்த ‘அதெல்ஸ்ரேன்’ என்னும் எண்ணெய்க் கப்பலுக்குப் போர் வரலாறுகள் பெரும்பாலும் ஒரு வரியே ஒதுக்கியுள்ளன. கடற்படையின் வலிமை எதன்மேல் நின்றது என்பதை அறிய அவ்வொரு வரியை விரித்து நோக்குதல் தகும்.

5,571 தொன் கொண்ட இக்கப்பல் 1918இல் கட்டப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டின் ஏப்பிரல் மாதத்தில் மாத்திரம் எட்டு இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அழிந்திருந்தன. மூழ்குவனவற்றை ஈடுசெய்யும் வேகத்திற் புதியன கட்டவேண்டிய நெருக்கடியின் பிள்ளை இது. பின்னர் யுனைற்றட் மொலாசஸ் நிறுவனத்தின் கப்பலணியில் இடம்பெற்றது. கரும்பாலைகளில் எஞ்சும் பாகை மாட்டுத் தீவனத்துக்கும் மதுசாரம் வடிப்பதற்கும் ஏற்றிச் செல்வதே அவ்வணியின் தொழில். குளிரில் இறுகும் பாகை நீராவிக் குழாய்களாற் சூடாக்கியே இறைத்தல் வேண்டும். இவற்றைக் கடலில் ஓடும் பாகுக் கொப்பரைகள் எனலாம்.

இரண்டாம் உலகப்போரில் இக்கப்பல் கடற்படைக்கு எண்ணெய் சுமந்தது. 1942 பெப்ருவரி 15இற் சிங்கப்பூரும் மார்ச் 8இல் ரங்கூனும் வீழ்ந்தன. பர்மிய அரிசியை நம்பியிருந்த இலங்கையின் உணவுவழி அடைபட, திருகோணமலை போர்முனையாயிற்று. தாக்குதலை எதிர்பார்த்துத் துறைமுகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட கப்பல்கள் கரையோரமாகத் தெற்கே சென்றன. ஏப்பிரல் 9 முற்பகலில் ஜப்பானிய விமானங்கள் ஹேர்மிசையும் அதன் துணைக்கப்பலான ‘வம்பயரை’யும் மூழ்கடித்தன. ஹேர்மிசில் அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை. நண்பகலளவில் அதெல்ஸ்ரேனும், அதற்குக் காவலாக வந்த ‘ஹொலிஹொக்’ என்னும் சிறு போர்க்கப்பலும் அகப்பட்டன. காவற்கப்பலில் ஏறத்தாழ ஐம்பது பேர் இறக்க, காக்கப்பட்ட கப்பலின் மாலுமிகள் உயிர்தப்பினர்.

இங்கு கூலிபற்றிய செய்தியொன்று நோக்கற்பாலது. 1941 மே மாதம்வரை, பிரித்தானிய வணிகக் கப்பலொன்று மூழ்கினால் மாலுமியின் வேலையொப்பந்தமும் அத்துடன் முடிந்துவிடும். அவ்வாண்டின் ஆணையொன்றே இவ்வழக்கத்தை ஒழித்தது. ஓராண்டு முந்தி மூழ்கியிருப்பின் அதெல்ஸ்ரேன் மாலுமிகள் கரைசேர்ந்தபோது வேலையற்றோராகவே சேர்ந்திருப்பர். அக்கப்பல்களில் ஆயிரக்கணக்கில் உழைத்த ‘லஸ்கர்’ எனப்பட்ட இந்திய மாலுமிகளோ வெள்ளையரின் கூலியில் ஒரு பங்கையே பெற்றனர். 1939இல் போர் மூண்டவுடன் பல துறைமுகங்களில் அவர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர், சிலர் சிறைப்பட்டனர், ஆயினும் கூலி உயர்ந்தது.