பகலில் சுரங்கம், மாலையில் கார்னெட்
வட இங்கிலாந்தின் தொழிலாளர் பேண்டுகள்

1928ஆம் ஆண்டு குஸ்தாவ் ஹோல்ஸ்ட் ‘எ மூர்சைடு சூட்’ என்ற படைப்பை எழுதினார். இரண்டாண்டுகள் கழித்து எட்வர்டு எல்கர் ‘செவர்ன் சூட்’ எழுதினார். இருவரும் அன்றைய இங்கிலாந்தின் முதல் வரிசை இசையமைப்பாளர்கள். இவ்விரு படைப்புகளும் பிராஸ் பேண்டுகள் எனப்படும் பித்தளை ஊதுகருவிக் குழுக்களின் தேசியப் போட்டிக்கென்றே எழுதப்பட்டவை. 1928இல் அந்தப் போட்டியை வென்றது குயின்ஸ்பரியில் இருந்த ஒரு கம்பளி ஆலையின் பேண்டு. 1930இல் வென்றது நீராவி லாரி செய்த ஒரு தொழிற்சாலையின் பேண்டு. எல்கரின் இசையை மேடையேற்றியவர்கள் மறுநாள் பட்டறைக்கோ தறிக்கோ திரும்ப வேண்டியவர்கள்.

இசையைப் பிழைப்பாகக் கொள்ளாத மனிதர்கள் இசையின் உச்சத்தைத் தொட முடியும் என்பதற்கு வட இங்கிலாந்தின் பிராஸ் பேண்டுகளைவிடப் பெரிய சான்று உலகில் அதிகம் இல்லை. இதைத் தனிமனிதத் திறமை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. உழைத்துக் களைத்தவருக்கும் எட்டும்படி அந்த இசையின் அமைப்பே உருவாகியிருந்தது. அந்த அமைப்பைப் புரிந்துகொள்வது கலையமைப்புகளை நடத்துவோர் அனைவருக்கும் பயன்தரும்.

கருவியும் கையும்

1810களில் ஜெர்மனியில் பித்தளைக் கருவிகளுக்கு வால்வு பொருத்தும் முறை கண்டறியப்பட்டது. 1840களில் அடால்ஃப் சாக்ஸ் வால்வுகளைக் கொண்டு சாக்ஸ்ஹார்ன் என்ற கருவிக் குடும்பத்தையே செய்தார். டிஸ்டின் என்ற இசைக் குடும்பத்தார் அவற்றை ஊர் ஊராக வாசித்துக் காட்டி பிரிட்டனில் பரப்பினர். மூன்று வால்வுகள், மூன்று விரல்கள், அவ்வளவுதான். வயலினுக்கு வேண்டிய நுட்பமான இடக்கை விரல் பழக்கம் இதற்குத் தேவையில்லை. நாளெல்லாம் மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கையாலும் இதை வாசிக்க முடிந்தது.

இன்னொரு ஏற்பாடு அதைவிட முக்கியமானது. இந்தப் பேண்டில் உச்சக் குரலான சோப்ரானோ கார்னெட் முதல் மிகப் பெரிய பேஸ் வரை, வால்வுள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒரே வகையில்தான் இசைக்குறிப்பு எழுதப்படுகிறது. தாளில் ஒரு புள்ளி எங்கே இருக்கிறதோ அதற்குரிய விரல்கள் எந்தக் கருவியிலும் அவையேதான். பேஸ் டிராம்போனும் தாளக் கருவிகளும் மட்டும் விலக்கு. இதனால் கார்னெட் வாசித்தவர் முன்பல் விழுந்ததும் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. வாய்ப்பகுதி பெரிதான டெனர் ஹார்னுக்கோ பாரிடோனுக்கோ மாறிக்கொள்வார். முதுமையில் பேஸ் வரிசையில் போய் உட்கார்வார். பத்து வயதில் சேர்ந்த ஒருவர் எழுபது வயது வரை அதே குழுவில் இருப்பதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

போட்டிக் குழுவின் அளவும் காலப்போக்கில் நிலைபெற்றது: பித்தளைக் கருவி வாசிப்போர் 25 பேர், அவர்களுடன் தாளக்காரர்கள். கார்னெட்டுகளும் சோப்ரானோவும் சேர்ந்து பத்து, ஃப்ளூகல்ஹார்ன் ஒன்று, டெனர் ஹார்ன் மூன்று, பாரிடோன் இரண்டு, யூஃபோனியம் இரண்டு, டிராம்போன் மூன்று, பேஸ் நான்கு. கருவிகள் பெரும்பாலும் குழுவுக்கே சொந்தம். ஏழைத் தொழிலாளி கருவி வாங்கக் கடன்பட வேண்டியதில்லை. கடன்பட்டால் குழுவே பட்டது. ஊராரிடம் சந்தா வசூலித்தும் கச்சேரி நடத்தியும் தவணை கட்டினார்கள்.

ஆலை வளர்த்த குழு, ஊர் வளர்த்த குழு

குயின்ஸ்பரியின் பிளாக் டைக் குழு 1855இல் அந்தப் பெயரைப் பெற்றது. ஆலை முதலாளி ஜான் ஃபாஸ்டர் இளமையில் தாமே ஒரு பேண்டில் ஹார்ன் வாசித்தவர். அவருடைய ஆலையில் நெய்த துணியே குழுவினரின் சீருடையாயிற்று. வேல்ஸில் மெர்த்தர் டிட்ஃபில் ஊரின் இரும்பாலை முதலாளி ராபர்ட் கிராஷே 1838இலேயே ஒரு பேண்டு அமைத்தார். தொழிலாளியின் ஓய்வு நேரம் மதுக்கடையில் கழியாமல் இருக்கட்டும் என்ற முதலாளிகளின் கணக்கும் இதில் இருந்தது. ஆலையின் பெயர் ஊர் ஊராகப் பரவும் என்ற கணக்கும் இருந்தது. பின்னாளில் நல்ல கார்னெட் வாசிப்பவருக்காகவே சுரங்கங்களும் ஆலைகளும் வேலை தேடிக் கொடுத்ததுண்டு.

முதலாளி கை கொடுக்காத இடங்களில் மக்களே கூடி அமைத்துக்கொண்டனர். 1853 செப்டம்பரில் மான்செஸ்டரின் பெல் வியூ பூங்காவில் நடந்த முதல் பெரும்போட்டியை வென்றது மோஸ்லி ஊரின் மதுவிலக்குச் சங்கப் பேண்டு. 1878இல் சால்ஸ்பரி நகரில் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ சபையின் தெருக்கூட்டங்களில் காலிகள் கலகம் செய்தபோது, சார்லஸ் ஃப்ரை என்ற கட்டட வேலைக்காரர் தம் மூன்று மகன்களுடன் துணைக்கு வந்தார். காவலுக்கு வந்தவர்கள் கையோடு பித்தளைக் கருவிகளையும் கொண்டுவந்தார்கள். அந்தச் சபையின் உலகளாவிய பேண்டு மரபு இந்த நால்வரிடமிருந்து தொடங்குகிறது.

தொழிலாளிகளே இசையாசிரியர்கள்

இந்தப் பேண்டு உலகின் மேதைகள் பலரும் இசைக்கல்லூரி காணாதவர்கள். ‘நைட் டெம்ப்ளர்’ என்ற புகழ்பெற்ற அணிநடை இசையை எழுதிய ஜார்ஜ் ஆலன், டர்ஹம் மாவட்டத்து ஷில்டனில் ரயில் பெட்டிப் பட்டறையில் கொல்லு வேலை செய்தவர். சுரங்கத் தொழிலாளியின் மகளான கிரேசி கோல், ஆண்களே நிறைந்திருந்த இந்த மேடையில் கார்னெட் வாசித்துப் புகழ்பெற்றார். பின்னாளில் மகளிர் மட்டுமே கொண்ட ஓர் இசைக்குழுவை நடத்தினார். பெண்களுக்குக் கதவு திறக்க இந்தப் பேண்டுகள் நெடுங்காலம் எடுத்துக்கொண்டன. இந்த மரபின் உண்மையான குறை இதுதான். மற்றவர்களை வாழ்நாள் முழுதும் அரவணைத்த அமைப்பு, ஊரின் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்தியிருந்தது.

இவர்கள் எல்லாரிலும் என்னை மிகவும் நெகிழச் செய்பவர் ராபர்ட் செயின்ட். 1934 செப்டம்பர் 22 அன்று வடக்கு வேல்ஸின் கிரெஸ்ஃபோர்டு நிலக்கரிச் சுரங்கத்தில் வெடி விபத்து நேர்ந்து 266 பேர் மாண்டனர். பெரும்பாலோரின் உடல்களை மேலே கொண்டுவரவே முடியவில்லை. டைன் ஆற்றங்கரையின் ஹெபர்ன் ஊரில் சுரங்கத்தில் வேலை பார்த்த செயின்ட், இறந்தோர் நினைவாக ‘கிரெஸ்ஃபோர்டு’ என்ற இசையை இயற்றினார். அதற்குச் சொற்கள் இல்லை. 1938இல் டர்ஹம் சுரங்கத் தொழிலாளர் பெருவிழாவில் முதன்முறை ஒலித்து, ‘சுரங்கத் தொழிலாளர் கீதம்’ என்று பெயர் பெற்றது. ஒவ்வொரு ஜூலையிலும் நடக்கும் அந்த விழாவில் ஒவ்வொரு சுரங்கத் தொழிற்சங்கக் கிளையும் தன் பதாகையைப் பேண்டுடன் சுமந்து வரும். அவ்வாண்டு சுரங்கத்தில் எவரேனும் இறந்திருந்தால் பதாகையில் கறுப்புத் துணி சுற்றுவது வழக்கமாக இருந்தது. டர்ஹமில் இன்று ஒரு சுரங்கமும் இல்லை. விழா நடக்கிறது, கீதமும் ஒலிக்கிறது.

திரைக்குப் பின்னால் நடுவர்

இத்தனை வகை மனிதரை ஒரே தரத்துக்கு உயர்த்தியது போட்டி. போட்டியின் நியாயத்தை விட் ஃபிரைடே அன்று கண்கூடாகக் காணலாம். பெந்தெகொஸ்தே திருநாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, சாடில்வொர்த், டேம்சைடு பகுதிக் கிராமங்களில் பேண்டுகள் பேருந்தில் வந்து இறங்கும். தெருவில் ஓர் அணிநடை இசையை வாசித்தபடியே நடந்து வருவார்கள். குறித்த இடத்தில் நின்று, தேர்ந்தெடுத்த மற்றோர் அணிநடை இசையை வாசிப்பார்கள். நடுவர் திரை இழுத்த மாடி அறையிலோ, மூடிய வண்டியிலோ இருப்பார். வாசிப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. முடித்ததும் எல்லாரும் பேருந்தில் ஏறி அடுத்த ஊருக்கு விரைவார்கள். இரவு வெகுநேரம் வரை இது தொடரும். தேசியப் புகழ் பெற்ற குழுவும் பள்ளிச் சிறுவர் குழுவும் ஒரே தெருவில், ஒரே நடுவர் முன்னிலையில் வாசிக்கின்றன. பெயரோ சீருடையோ எடுபடாது. செவிக்கு எட்டுவது மட்டுமே கணக்கு.

ஆலை மூடியபின்

1992 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு 31 நிலக்கரிச் சுரங்கங்களை மூடப்போவதாக அறிவித்தது. பார்ன்ஸ்லிக்கு அருகிலுள்ள கிரைம்தார்ப்பும் அவற்றில் ஒன்று. அந்த ஊரின் சுரங்கப் பேண்டு 1917 முதல் இயங்கி வந்தது. அறிவிப்பு வந்த அதே மாதத்தில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த தேசியப் போட்டியில் கிரைம்தார்ப் பேண்டு முதலிடம் பெற்றது. 1993இல் சுரங்கம் மூடப்பட்டது. 1996இல் வந்த ‘பிராஸ்டு ஆஃப்’ திரைப்படம் இந்த ஊரின் கதையைத் தழுவியது. படத்தில் ஒலிப்பது கிரைம்தார்ப் பேண்டின் இசையே. குயின்ஸ்பரி ஆலையும் துணி நெய்வதை நிறுத்திவிட்டது. இரு பேண்டுகளும் இன்றும் முன்வரிசையில் நிற்கின்றன.

சுரங்கம் முதலாளிக்கும் அரசுக்கும் சொந்தமாக இருந்தது. இசை ஊருக்குச் சொந்தமாக இருந்தது. ஆலை தந்த பணம் நின்றபோது ஊர் தாங்கிக்கொண்டது. இன்று இந்த ஊர்ப் பேண்டுகளின் பயிற்சி அறைகளில் ஆசிரியர், செவிலியர், மின்பணியாளர், மாணவர், ஓய்வுபெற்றோர் எனப் பலரும் வேலை முடிந்த மாலைகளில் கூடுகிறார்கள். பயிற்சிக்குமுன் ஒரு துதிப்பாடலின் மெட்டை மெதுவாக வாசித்துச் சுருதி சேர்த்துக்கொள்வது பழைய வழக்கம். மருத்துவரின் பக்கத்தில் பேருந்து ஓட்டுநர் அமர்ந்திருப்பார். அந்த அறையில் ஒருவரின் தகுதி அவர் வாசிக்கும் கருவி வரிசை மட்டுமே.

கலையமைப்பு நடத்துவோருக்கு இந்த வரலாறு சொல்லும் பாடம் தெளிவானது. புகழ்பெற்றவர்களை அழைத்துப் பாராட்டுவது நல்ல பணிதான். ஆனால் கற்க விரும்பும் பிள்ளைக்குக் கருவியை இரவல் தருவதும், வேலை முடிந்து வருபவருக்கு ஏற்ற நேரத்தில் பயிற்சி வைப்பதும், வயதானவருக்குக் குழுவிலேயே ஓர் இடம் வைத்திருப்பதும், வாசலில் யாரையும் நிறுத்தாதிருப்பதும் அதைவிட நீண்ட பலன் தரும். வட இங்கிலாந்தின் தொழிலாளர்கள் இந்தப் பாடத்தின் முதல் பகுதியைத் தாமாகவே கண்டுகொண்டார்கள்; கடைசிப் பகுதியைக் காலம் தாழ்த்திக் கற்றார்கள். நாம் எல்லாவற்றையும் முதல்நாளிலிருந்தே செய்யலாம்.