மாடர்ன் ஆர்ட் என்ற ஒரே வசை

எங்கள் நெய்வேலிச் சுரங்க டிராயிங் ஆபீஸில் கோடு கொஞ்சம் பிசகினால் சீனியர்கள் கேட்பது ஒன்றுதான்: "என்னய்யா, மாடர்ன் ஆர்ட்டா போட்டிருக்கே?" மோனே, மூங்க், பிக்காசோ எல்லாருக்கும் அந்த ஒரே சொல். நெய்வேலியில் மட்டுமில்லை, தமிழ்நாடு முழுக்கவே அப்படித்தான்.

நெய்வேலிச் சுரங்க வேலையை நேரு தொடங்கி வைத்தது 1957 மே 20. அதே ஆண்டுதான் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஓய்வு பெற, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அந்தப் பொறுப்புக்கு வந்தார். ராய் சௌத்ரி செய்த மெரினா உழைப்பாளர் சிலையை யாரும் மாடர்ன் ஆர்ட் என்று சொன்னதில்லை. பாறையை நெம்பும் நாலு பேர், முறுக்கேறிய தசை. சுரங்கத்துக்காரனுக்கு விளக்கம் தேவைப்படாது. பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை வேறு ரகம். எழுத்து போல இருக்கும், வாசிக்க வராது. ஜாதகக் கட்டம் போல இருக்கும், பலன் சொல்ல முடியாது.

ஐரோப்பாவிலும் கலைப் பாணிகளின் பெயர்கள் மரியாதையோடு பிறந்தவை அல்ல. 1874 ஏப்ரலில் பாரிஸில் நடந்த கண்காட்சியைப் பார்த்த விமர்சகர் லூயி லெருவா, மோனேயின் சூரியோதயப் படத்தின் தலைப்பிலிருந்த 'இம்ப்ரெஷன்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஒரு நையாண்டிப் பத்திரிகையில் அத்தனை பேரையும் கிண்டலடித்தார். திட்டிய பெயரே நிலைத்தது. எக்ஸ்பிரஷனிசத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1911இல் பெர்லின் கண்காட்சியில் அந்தப் பெயரில் தொங்கியவை பிரெஞ்சு இளைஞர்களின் படங்கள். பிறகுதான் ஜெர்மானியர்கள் அதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். அந்த அலை இந்தியாவையும் தொட்டது: 1922 டிசம்பரில் கல்கத்தாவில் கண்டின்ஸ்கி, கிளே படங்கள் மாட்டப்பட்டன. நெய்வேலியில் அப்போது நிலக்கரி இருப்பதே தெரியாது.

ஜெர்மனியிலிருந்து எங்களுக்கு வந்தவை மண்ணை அகழும் பக்கெட் வீல் இயந்திரங்கள். அவர்கள் ஊர் மேல்மண் மென்மையானது. இங்கே கடலூர் மணற்கல். இயந்திரத்தின் பற்கள் சீக்கிரம் தேய்ந்தன. பாறையை வெடி வைத்துத் தளர்த்தி, பல்லை மாற்றி, அதன் பிறகே வேலை நடந்தது. கலைச்சொற்களை இறக்குமதி செய்த நம் எழுத்தாளர்கள் அந்தப் பல் மாற்றும் வேலையைச் செய்யவில்லை என்பது என் குறை. இம்ப்ரெஷனிசத்தை மனப்பதிவியம் என்றார்கள், உணர்வுப்பதிவுவாதம் என்றார்கள்; எக்ஸ்பிரஷனிசத்தை வெளிப்பாட்டியம் என்றார்கள். நெய்வேலி லிக்னைட் ஹால் புத்தகக் கண்காட்சியில் கலை நூல்களைப் புரட்டினால் ஒரே ஓவியரின் பாணிக்கு நூலுக்கு ஒரு பெயர். வெளிப்பாடு இல்லாத கலை எது? கோலம்கூட வெளிப்பாடுதான். முகத்தைக் கோணலாக்கி, வானத்தைச் சிவப்பாக்கி, உள்ளே இருக்கும் கலக்கத்தைக் காட்டுவது அந்தச் சொல்லுக்குள் எங்கே இருக்கிறது?

மனப்பதிவு மட்டும் தமிழில் வேர் பிடித்தது, அதுவும் ஓவியத்தில் அல்ல, இலக்கியச் சண்டையில். விமர்சகர் க.நா.சு. எழுத்தாளர்களைப் பட்டியல் போட்டு நல்லது கெட்டது சொன்னபோது, இது விமர்சனமே அல்ல, வெறும் மனப்பதிவு என்று எதிரணியினர் சாடினார்கள். மார்க்சிய விமர்சகர் கைலாசபதி அவரை மறுத்துத் தனி நூலே எழுதினார். லெருவா செய்த காரியம்தான். இலக்கு மட்டும் வேறு.

ஓவியர்களோ பெயருக்குக் காத்திருக்கவில்லை. 1970இல் தொடங்கிய கசடதபற போன்ற சிற்றிதழ்கள் கவிதைக்குப் பக்கத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்தன. காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தி படங்களில் பேனா ஓடிய வேகம் தெரியும். வளைந்த முதுகு, கைத்தடி, அவ்வளவுதான், ஆள் யாரென்று குழந்தையும் சொல்லிவிடும். பிறகு அவர் வரைந்த மன்னர்கள் நேர் எதிர்: நகையும் மீசையும் குவிந்து, கோட்டுக்குள் கோடு நுழைந்து, ஆள் உள்ளே உளுத்துப் போனவராகத் தெரிவார். ஜூனியர் விகடனில் எழுத்தாளர் கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' தொடருக்கு அவர் போட்ட படங்களை எங்கள் நகரியத்தில் பெட்டிக்கடை வாசலிலேயே புரட்டிப் பார்த்தார்கள். அங்கே அதற்குப் பெயர் 'ஆதிமூலம் படம்'.