கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றமும்: உத்தரமேரூர்ச் சாசனங்கள் பற்றிய ஒரு குறிப்பு

பொறுப்புக்கூறல் என்பது மேலைத்தேய மக்களாட்சி மரபின் வழியாக மட்டுமே எமக்குக் கிடைத்த கருத்து என்ற எண்ணம் பரவலாக உண்டு. இதனை மனத்திற் கொண்டு உத்தரமேரூர்ச் சாசனங்களை மீண்டும் நோக்குவது பயனுடைத்து. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும், அவ்வூர் மகாசபை செய்துகொண்ட இரு தீர்மானங்கள் அவை. குடவோலை முறையின் சிறப்பைப் பேசுவோர் இவற்றைப் பலகாலும் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயின், தேர்தலைவிடக் கணக்கே இவற்றின் உயிர்நாடி என்பது எமது கருத்து.

ஊரின் 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியாகத் தெரிந்தெடுக்கப்பட்டோரில் 12 பேர் சம்வற்சர வாரியத்திலும், 12 பேர் தோட்ட வாரியத்திலும், 6 பேர் ஏரி வாரியத்திலும் அமர்ந்தனர். பதவிக்காலம் 360 நாள். குற்றம் காணப்பட்டவன் அப்பொழுதே நீக்கப்பட வேண்டும். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவனின் பெயரைக் குடத்தில் இடலாகாது என 921ஆம் ஆண்டுத் தீர்மானம் விதிக்கின்றது. அத்துடன் நில்லாது அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், தாயின் சகோதரிமார் மக்கள், மாமன் மக்கள், அத்தை மக்கள் என உறவினரையும் ஒவ்வொருவராக எண்ணி விலக்குகின்றது.

இப்பட்டியலை வெறுந் தண்டனையாக நாம் கொள்ளவில்லை. பிரமதேயம் ஒன்றில் நிலவுடைமையாளர் பெரும்பாலும் மணவுறவால் பிணைந்தவர்கள். மாமன் மறைத்த கணக்கை அடுத்த ஆண்டு மருமகன் வந்து கேட்பான் என எதிர்பார்க்க முடியுமா? இரத்த உறவினருக்கு நிகராக மணவழி உறவினரும் இடம்பெறுவது, பொதுப்பணம் எவ்வழியாக வீட்டுக்குள் நுழையும் என்பதைச் சபையார் நன்கறிந்திருந்தமையைக் காட்டுகின்றது. எனினும், குற்றமற்ற மகன் தந்தையின் பழியைச் சுமக்க நேர்ந்ததையும் மறைத்தற்கில்லை. தனிவாழ்வும் பொதுவாழ்வும் வேறென்று அச்சபை கருதியிருக்கவில்லை.

கணக்கெழுதுவோன் பற்றிய விதி இன்னும் நுட்பமானது. ஒருவன் எழுதிய கணக்கை அவனே காட்ட வேண்டும். அதனை முடித்துக்கொடுக்க வேறொரு கணக்கன் புகலாகாது. கணக்குச் சரியெனப்பட்ட பின்னரே அவன் மீண்டும் கணக்கெழுதத் தகுதி பெறுவான்.

முதல் தீர்மானத்தில் 30 முதல் 60 வரையென இருந்த வயதெல்லை, இரண்டே ஆண்டுகளில் 35 முதல் 70 என மாறியது. தீயோர் அழிந்து ஏனையோர் வாழ்தற்பொருட்டே இவ்விதிகள் செய்யப்பட்டன எனச் சாசனம் தானே கூறுகின்றது. முறைகேடு ஏதோ நிகழ்ந்திருத்தல் வேண்டும். இரு தடவையும் அரசனின் அதிகாரி சபையில் உடனிருந்தான். ஆதலின் இதனைத் தன்னிறைவுடைய கிராமக் குடியரசாகச் சித்திரிப்பது மிகை.

யாருக்குக் கணக்குக் காட்டப்பட்டது என்பதே முதன்மையான வினா. வரியிறுக்கும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடையோரே வாரியத்துக்கு உரியர். நிலம் குறைந்தோருக்கு அளிக்கப்பட்ட சலுகையும் கல்வி மிகுந்தோருக்கே உரியதாயிற்று. கணக்குக் காட்டப்பட்டது இவ்வகுப்பினரைக் கொண்ட சபையாருக்கே. ஏரி வாரியத்தினரின் தகுதிகளை இத்துணை விரிவாகப் பேசும் இவ்விரு சாசனங்களும், அவ்வேரியில் மண் வாரியோரும் அதன் நீரால் பயிரிட்டோரும் கணக்குக் கேட்பதற்கு வழியேதும் கூறவில்லை.