இரட்டைத் தொழிற்பயிற்சி முறை (ஜெர்மனி)

இரட்டைத் தொழிற்பயிற்சி என்பது இளையோர் ஒரு தொழிலைப் பணியிடத்திலும் தொழிற்பள்ளியிலும் ஒருசேரக் கற்கும் ஜெர்மானிய முறை. 1969ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டம் இதற்கு நாடு தழுவிய அடிப்படை அமைத்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட தொழில்கள் இம்முறையில் கற்பிக்கப்படுகின்றன. பயிற்சிக்காலம் பெரும்பாலும் 2 முதல் 3½ ஆண்டுகள்.

பயிற்சி பெறுபவர் ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, பயிற்சிக்கால ஊதியமும் பெறுகிறார். வாரத்தில் ஓரிரு நாள், அல்லது தொடர்ச்சியாகச் சில வாரங்கள், பள்ளிக்குச் செல்கிறார். மற்ற நாள்களில் அனுபவம் மிக்க மூத்த தொழிலாளர்களோடு வேலை செய்கிறார்.

கற்பிப்பவருக்குத் தொழில்திறன் மட்டும் போதாது. கற்பிக்கும் திறனும் வேண்டும் என்பது இம்முறையின் சிறப்பு. நிறுவனத்தில் பயிற்சிக்குப் பொறுப்பானவர்கள் பொதுவாக இதற்கெனத் தனித் தேர்வு எழுதித் தகுதி பெறுகின்றனர். பரவலாகக் கையாளப்படும் நான்கு படி முறையில், மூத்தவர் முதலில் இளையவரை ஆயத்தப்படுத்துகிறார். பிறகு வேலையைச் செய்துகாட்டி விளக்குகிறார். அடுத்து, இளையவர் காரணங்களைச் சொல்லியபடியே அதைச் செய்துபார்க்கிறார். இறுதியில் தனியாகப் பழகுகிறார். காரணத்தை அவர் வாயாலேயே சொல்லவைப்பதால், அவர் புரிந்து செய்கிறாரா, வெறுமனே பார்த்துச் செய்கிறாரா என்பது உடனே தெரிந்துவிடும்.

கற்றவற்றைப் பயிற்சி பெறுபவர் ஒரு பதிவேட்டில் எழுதிவர வேண்டும். இறுதித் தேர்வை வணிக, கைவினைக் கழகங்கள் நடத்துகின்றன. தேர்வுக் குழுவில் முதலாளிகள், தொழிலாளர்கள், தொழிற்பள்ளி ஆசிரியர்கள் ஆகிய முத்தரப்பினரும் இடம்பெறுகின்றனர்.