நீர்மூழ்கி மீட்புக் கருவிகள்

கடலடியில் செயலிழந்து கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து மாலுமிகளை உயிரோடு மேலே கொண்டுவர உருவாக்கப்பட்ட கருவிகள். மாலுமி தானாகவே வெளியேறி நீந்தி மேலேற உதவுபவை ஒரு வகை. மேலிருந்து இறங்கி, கப்பலோடு பொருந்தி, உள்ளிருப்போரை ஏற்றி வருபவை மற்றொரு வகை. இரண்டின் வரலாறும் விபத்துகளின் வரலாறுதான். இவற்றுள் பெரும்பாலானவை ஏதாவதொரு கப்பல் மூழ்கிய பிறகே உருவாகின, அல்லது கடற்படைகளின் ஏற்பைப் பெற்றன.

அடிப்படைச் சிக்கல் நீரழுத்தம். 10 மீட்டர் இறங்கும்போதெல்லாம் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில், 60 செ.மீ. விட்டமுள்ள ஒரு மேல்மூடியை நீர் சுமார் எட்டரை டன் விசையோடு அழுத்தும். உள்ளிருந்து எத்தனை பேர் தள்ளினாலும் அது அசையாது. இதற்கு விடை கண்டவர் ஜெர்மானியரான வில்ஹெல்ம் பாவர். 1851 பிப்ரவரி 1 அன்று கீல் துறைமுகத்தில் அவருடைய ‘பிராண்ட்டாகர்’ மூழ்கியது. தண்ணீரை உள்ளே விட்டு, அடைபட்ட காற்று இறுகி வெளி அழுத்தத்துக்குச் சமமாகும்வரை காத்திருப்போம் என்றார் அவர். உடனிருந்த இருவரும் முதலில் எதிர்த்தார்கள். மூழ்கும் கப்பலுக்குள் மேலும் தண்ணீரை விடச் சொன்னால் யார்தான் ஏற்பார்கள்? மணிக்கணக்கில் காத்திருந்த பின் மூடி திறந்தது. மூவரும் மேலே வந்தார்கள். பின்னாளில் கப்பல்களில் அமைந்த வெளியேற்ற அறைகள் எல்லாம் இந்த விதியைப் பின்பற்றியவையே.

வெளியேறினால் போதாது, மூச்சும் வேண்டும். ஹென்றி ஃப்ளூஸ் 1878இல் இங்கிலாந்தில் செய்த மூச்சுக்கருவி, வெளிவிடும் காற்றிலுள்ள கரியமில வாயுவை வேதிப்பொருளால் உறிஞ்சி, ஆக்சிஜன் சேர்த்துத் திரும்பத் தந்தது. இதே முறையைக் கொண்டு ராபர்ட் டேவிஸ் மாலுமிகளுக்கான கருவியை அமைத்தார். 1931 ஜூனில் சீனாவின் வெய்ஹாய்வெய் அருகே ‘பொசைடன்’ மூழ்கியபோது, முன்பகுதியில் சிக்கியவர்களில் சிலர் இதைப் பயன்படுத்தி உயிர் தப்பினர்.

அமெரிக்காவில் இந்தத் துறை சார்ல்ஸ் மாம்சென் என்ற கடற்படை அதிகாரியைச் சுற்றி வளர்ந்தது. 1925 செப்டம்பரில் எஸ்-51 என்ற நீர்மூழ்கி ஒரு பயணிகள் கப்பலோடு மோதி மூழ்கி 33 பேர் இறந்தனர். தேடிச் சென்ற மாம்செனின் கப்பல் நீர்மேல் படர்ந்த எண்ணெயைக் கண்டது. அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. கப்பலின் மேல்மூடியோடு பொருந்தும் மணி வடிவ மீட்பு அறை ஒன்றை அவர் முன்மொழிந்தார். அந்தத் திட்டம் ஓராண்டுக்கு மேல் அலுவலகத்தில் தூங்கி, இறுதியில் நிராகரிக்கப்பட்டது. 1927 டிசம்பரில் மாசசூசெட்ஸ் கரையருகே எஸ்-4 மூழ்கியது. டார்பிடோ அறையில் உயிரோடிருந்த ஆறு பேர், இறங்கி வந்த முக்குளிப்போரிடம் உலோகச் சுவரைத் தட்டித் தட்டி மோர்ஸ் மொழியில் மூன்று நாள் பேசினார்கள். புயலும் கருவியின்மையும் அவர்களைக் கைவிட்டன. அந்தக் கோப்பு உரிய காலத்தில் நகர்ந்திருந்தால் அந்த ஆறு பேருக்கு ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும்.

அதன்பின் வேலை வேகம் பிடித்தது. ‘மாம்சென் நுரையீரல்’ என்ற ரப்பர் மூச்சுப் பை 1929 வாக்கில் தயாரானது. மீட்பு அறையை ஆலன் மெக்கான் செம்மைப்படுத்தினார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

1939 மே 23 அன்று நியூ ஹாம்ப்ஷயர் கரைக்கு அப்பால் ‘ஸ்குவாலஸ்’ பயிற்சி முழுக்கின்போது, எஞ்சினுக்குக் காற்று செல்லும் பெரிய வால்வு மூடாததால் பின்பகுதி வெள்ளமாகி, 74 மீட்டர் ஆழத்தில் தரைதட்டியது. 26 பேர் இறந்தனர். 33 பேர் முன்பகுதியில் உயிரோடிருந்தனர். மறுநாள் ‘ஃபால்கன்’ என்ற கப்பல் மெக்கான் அறையை இறக்கியது. முக்குளிப்பவர் ஒருவர் முதலில் இறங்கி, மேல்மூடியில் கம்பிவடம் ஒன்றைப் பூட்டினார். அந்த வடத்தைச் சுருட்டியபடியே அறை தன்னைத்தானே கீழே இழுத்துக்கொண்டது. கப்பலின் மேல் அமர்ந்ததும் அதன் அடிப்பகுதியிலிருந்த நீரை அழுத்தக் காற்று வெளியேற்றியது; பிறகு அந்தக் காற்றையும் வடித்தார்கள். சுற்றியுள்ள கடலின் அழுத்தமே ரப்பர் வளையத்தை இறுக்கி இரண்டையும் ஒன்றாக்கியது. பாவரை அச்சுறுத்திய அதே அழுத்தம் இங்கே பூட்டாகப் பயன்பட்டது. நான்கு நடைகளில் 7, 9, 9, 8 என 33 பேரும் மேலே வந்தனர். கடைசி நடையில் வடம் சிக்கிப் புரி பிரிந்ததால் அறை நீருக்கு நடுவே பல மணிநேரம் தொங்கியது. நள்ளிரவு தாண்டித்தான் மீண்டது. மீட்புப் பொறியியலின் மிகப் பெரிய வெற்றி இதுவே.

‘ஸ்குவாலஸ்’ மூழ்கி ஒன்பது நாள் கழித்து லிவர்பூல் விரிகுடாவில் பிரிட்டனின் ‘தீட்டிஸ்’ சோதனை ஓட்டத்தில் மூழ்கியது. டார்பிடோக் குழாயில் நீர் இருக்கிறதா என்று காட்டும் சிறு துளையை வண்ணப்பூச்சு அடைத்திருந்ததே தொடக்கக் காரணம். கப்பலில் இருந்த 103 பேரில் நால்வர் மட்டுமே டேவிஸ் கருவியோடு வெளியேறினர். மற்றவர்களில் பெரும்பாலோரைக் கரியமில வாயு கொன்றது. வெளியேறும் வழி இருந்தும் அதற்கான நேரம் கடந்துவிட்டிருந்தது.

1950இல் தேம்ஸ் கழிமுகத்தில் ‘ட்ருகுலண்ட்’ மூழ்கியபோது பலர் நலமாக நீர்மட்டத்துக்கு வந்தும் ஜனவரிக் குளிரில் விறைத்தும், நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டும் இறந்தனர். குளிரையும் தாங்கும் முழுவுடலுடை அதன் பின்னரே வந்தது. இன்றைய உடை 180 மீட்டர் வரை பயன்படும்.

1963இல் ‘த்ரெஷர்’ 129 பேரோடு அழிந்ததைத் தொடர்ந்து, தாமே நீந்திச் சென்று பொருந்தும் மீட்பு ஊர்திகளை அமெரிக்கா கட்டியது. 1970இல் நீரில் இறங்கிய ‘மிஸ்டிக்’ ஒரே நடையில் 24 பேரை ஏற்றக்கூடியதாக இருந்தது. விமானத்தில் எடுத்துச் செல்லவும் முடிந்தது. ஆனால் கருவி இருப்பது வேறு, அது வேளைக்கு உதவுவது வேறு. 2000 ஆகஸ்டில் பேரண்ட்ஸ் கடலில், வெடிப்பால் மூழ்கிய ரஷ்யாவின் ‘குர்ஸ்க்’ வெறும் 108 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. வெடிப்புக்குப் பின்னும் 23 பேர் கடைசி அறையில் உயிரோடிருந்தனர். ரஷ்ய ஊர்திகளால் மேல்மூடியோடு பொருந்த முடியவில்லை. ஒன்பது நாள் கழித்து நார்வே முக்குளிப்போர் அதைத் திறந்தபோது எவரும் உயிரோடில்லை. வெளிநாட்டு உதவியை ஏற்க ரஷ்யா காட்டிய தயக்கம் மன்னிக்க முடியாதது. நாடுகளுக்கிடையே மீட்புப் பணியை ஒருங்கிணைக்கும் பன்னாட்டு அலுவலகம் 2003இல் அமைந்தது.

இந்தியக் கடற்படை 2018 டிசம்பரில் பிரிட்டனில் செய்த மீட்பு ஊர்தியை மும்பையில் சேர்த்துக்கொண்டது. விசாகப்பட்டினத்துக்கு இன்னொன்று வந்தது. இவை 650 மீட்டர் வரை இறங்கும். 2021 ஏப்ரலில் பாலித் தீவுக்கு வடக்கே இந்தோனேசியாவின் ‘நங்கலா’ காணாமற்போனபோது அவற்றில் ஒன்று விசாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டது. அது சென்றுசேரும் முன்பே, 800 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் கப்பல் மூன்று துண்டாகக் கிடப்பது தெரியவந்தது. 53 பேரும் மாண்டிருந்தனர். உடல்சுவர் நசுங்கும் ஆழத்துக்குக் கப்பல் போய்விட்டால் உதவக்கூடிய மீட்புக் கருவி இன்றுவரை எதுவும் இல்லை.